மின்கம்பி வந்துடுச்சு, இரண்டாவது தண்டவாளம் எப்போ?

தஞ்சாவூர் ஸ்டேஷன்ல நின்னு ஒரு தடவை மேலே பாருங்க. தண்டவாளத்துக்கு மேலே மின்கம்பி ஓடுது. சென்னைக் கடற்கரை - தாம்பரம் தடத்தில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931ல். நம்ம மெயின் லைனுக்கு அது வந்து சேர ஏறத்தாழ 90 வருஷம் ஆச்சு. வரவேற்கிறோம். டீசல் செலவு குறையும், புகை குறையும், வண்டி சீக்கிரம் வேகம் எடுக்கும்.

ஆனா கும்பகோணம், மயிலாடுதுறை வழியா விழுப்புரம் வரைக்கும் சுமார் 190 கிலோமீட்டர் இன்னும் ஒற்றைப் பாதைதான். எதிர் வண்டி கடக்கிற வரைக்கும் மின்சார எஞ்சினும் கிராசிங்கில் காத்துக் கிடக்கணும். எஞ்சினை மாத்தினா போதுமா, அது போக வழி வேணாமா?

1861ல் வெள்ளைக்காரக் கம்பெனி நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் விட்டது, துறைமுக வியாபாரத்துக்காக. பண்ணையில் அடிமைப்பட்டுக் கிடந்தவர்கள் ஊரை விட்டு வெளியேறவும் அதே பாதைதான் உதவியது. ஆனால் ரயில் வந்ததால் மட்டும் சமத்துவம் வந்துவிடவில்லை. ஸ்டேஷன் சாப்பாட்டு அறையில் பிராமணருக்குத் தனி இடம் என்ற வழக்கம், பெரியார் இயக்கம் போராடிய பிறகு 1941ல்தான் ஒழிந்தது. உலகப் போர் முடிந்த மறுவருடம், 1946 செப்டம்பர் 5 அன்று, பொன்மலையில் வேலைநிறுத்தம் செய்த ரயில்வே தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு. ஐந்து தோழர்கள் உயிர் கொடுத்தார்கள். 1952ல் வந்த தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் செங்கொடியின் கீழ் விவசாயத் தொழிலாளர்கள் போராடிப் பெற்றதுதான்.

இன்னிக்கும் அறுவடை முடிஞ்சா நம்ம பிள்ளைங்க திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போறாங்க. முன்பதிவில்லாப் பெட்டியில், கதவோரம் தொங்கிக்கிட்டு. மின்சாரம் வந்ததில் அவங்களுக்கு என்ன மாறியிருக்கு?

ஒன்றிய அரசே!
🔴 தஞ்சாவூர் - விழுப்புரம் இரட்டைப் பாதைக்கு முழு நிதி ஒதுக்கு!
🔴 முன்பதிவில்லாப் பெட்டிகளை அதிகப்படுத்து!
🔴 ரயில்வே காலிப் பணியிடங்களை நிரந்தரப் பணியாக நிரப்பு!

தோழர்களே, உங்க ஊர் ஸ்டேஷன்ல எந்த வண்டி கிராசிங்குக்காக எத்தனை நிமிஷம் நிக்குதுன்னு ஒரு வாரம் குறிச்சு வைங்க. கிளைச் செயலாளர்கிட்ட கொடுங்க. அந்தக் கணக்கைக் கையில வெச்சுக்கிட்டுத்தான் திருச்சி கோட்ட அலுவலகத்துக்குப் போகப் போறோம்.

#டெல்டாவுக்கு_இரட்டைப்பாதை