கைப்பையில் துப்பாக்கி இருந்தால் போதுமா?

டெல்லியில் 2012 டிசம்பரில் ஓடும் பஸ்ஸில் நடந்த கொடுமையை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒரு வருடம் கழித்து, 2014 ஜனவரியில், கான்பூரில் உள்ள மத்திய அரசின் பீல்டு கன் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற ரிவால்வரை அறிமுகப்படுத்தியது. பயமற்ற என்று அர்த்தம். .32 காலிபர், சுமார் 500 கிராம் எடை, கைப்பையில் அடங்கும். விலை ரூ.1,22,360. பெண்களுக்காகவே செய்தது என்று விளம்பரம் வேறு!

விலையைப் பற்றித்தான் அப்போது எல்லோரும் பேசினார்கள். நான் கேட்பது வேறு. வாங்கியவர் அதை எங்கே போய்ச் சுட்டுப் பழகுவார்?

சின்னத் துப்பாக்கி என்றால் சுலபம் என்று நினைக்கிறோம். உண்மை நேர் எதிர். அமெரிக்காவில் புகழ்பெற்ற ஸ்மித் அண்ட் வெஸன் ஜே-பிரேம் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். குழல் இரண்டு அங்குலத்துக்கும் குறைவு. குறிபார்க்கும் முன்முனையும் பின்முனையும் அவ்வளவு பக்கத்தில் இருப்பதால், கை ஒரு நூல் அசைந்தாலும் குண்டு எங்கோ போகும். சில மாடல்களின் எடை அரை கிலோ கூட இல்லை. ஆனால் ட்ரிகரை இழுக்க ஏறக்குறைய ஐந்து கிலோ விசை வேண்டும். அதாவது துப்பாக்கியின் எடையைப் போலப் பத்து மடங்கு! இழுக்கும்போதே முனை ஆடிவிடும். எடை குறைவு என்பதால் பின்னுதைப்பும் அதிகம். இத்தனையும் சேர்ந்து ஐந்தே ஐந்து தோட்டா.

அதனால்தான் அங்கே விஷயம் தெரிந்தவர்கள் இதைப் பழகியவர் கைக்கான துப்பாக்கி என்கிறார்கள். தோட்டாக்களை எல்லாம் எடுத்துவிட்டு, ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்து, குழல் மேல் ஒரு நாணயத்தை வைத்து, அது விழாமல் ட்ரிகரை இழுத்து இழுத்துப் பழகுவார்கள். பிறகு ரேஞ்சுக்குப் போய், மூன்று நான்கு கஜ தூரத்தில் ஆரம்பித்து நிஜத் தோட்டாவில் சுடுவார்கள். பழக்கம் விட்டால் கையும் மறந்துவிடும்.

நம் ஊரில்? 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் கேட்பவர் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அது ஒரு தடவை. ரைபிள் கிளப்புகள் பெரும்பாலும் பெரிய ஊர்களில்தான். தோட்டாவும் லைசென்ஸில் எழுதிய அளவுக்கு மேல் கிடைக்காது. மாதாமாதம் சுட்டுப் பழக எங்கே போவது? பழகாத கையில் இருக்கும் துப்பாக்கி, பிடுங்குகிறவனுக்குத்தான் உதவும்.

"அப்படியானால் பெண்கள் தற்காத்துக்கொள்ளவே கூடாதா?" என்று கேட்பீர்கள். தாராளமாகச் செய்யட்டும். முறையாகப் பழகி, சட்டப்படி வைத்திருப்பவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளைப் பாருங்கள். பதிவான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றவாளி தெரிந்தவன். உறவினன், பக்கத்து வீட்டுக்காரன், நண்பன். வீட்டுக்குள் டீ குடித்துக்கொண்டிருக்கிறவனை எதிர்பார்த்து யார் கைப்பையைத் திறந்து வைத்திருப்பார்கள்?

துப்பாக்கியை விற்பது அரசுக்குச் சுலபம். தெருவிளக்கு, இரவு பஸ், புகாரை உடனே எழுதிக்கொள்ளும் போலீஸ், சீக்கிரம் முடியும் வழக்கு... இவைதான் கஷ்டம். ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம் ரூபாய் இருப்பவள் மட்டும்தான் பயமில்லாமல் இருக்க வேண்டுமா? நீங்களே சொல்லுங்கள்.