முதல் வருகையில் முழுப் பரிசோதனைக்கு வழிசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்
தலைவர் மற்றும் செயலாளர்,
இயன்முறை சிகிச்சையாளர் சங்கம்,
மாவட்டக் கிளை.

பெறுநர்
1. மாவட்ட ஆட்சியர் அவர்கள்
2. இணை இயக்குநர் அவர்கள், மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள்
3. மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள்

பொருள்: அரசு மருத்துவமனைகளின் பிசியோதெரபி பிரிவுகள் – மூட்டு, தசை, நரம்பு நோயாளிகள் – முதல் வருகையில் முழு மதிப்பீடு செய்ய நேரமும் இடமும் பணியிடமும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பிசியோதெரபி பிரிவுக்கு வரும் ஓ.பி. சீட்டுகளில் பெரும்பாலும் ஒரு வரிதான் இருக்கிறது: "முதுகு வலி, ஐ.எஃப்.டி. 10 நாள்", "முழங்கால் வலி, டயாதெர்மி 10 நாள்". முன்னது மின்னோட்ட சிகிச்சை, பின்னது சூட்டு சிகிச்சை. நோயாளியைப் படுக்க வைத்துக் கருவியைப் பொருத்துகிறோம். நேரம் முடிந்ததும் அடுத்தவரைக் கூப்பிடுகிறோம். "கரன்ட் வச்சாச்சா?" என்று கேட்டால் சிகிச்சை முடிந்ததா என்று பொருள். நூறு பேர் காத்திருக்கும் ஓ.பி.யில் மருத்துவரால் இதைவிட விரிவாக எழுத முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவேதான் விரிவாகப் பரிசோதித்து எழுதும் வேலையை எங்களிடம் விடுங்கள் என்று கேட்டு இம்மனுவை அளிக்கிறோம்.

நம்முடையது நெல் மாவட்டம். களையெடுப்பில் மணிக்கணக்கில் குந்தி உட்காரும் பெண்கள் சிலர், "செருப்பு காலில் நிற்க மாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள். பாதத்தை மேலே தூக்க முடியாததுதான் காரணம். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கமாக, எலும்பைச் சுற்றித் தோலுக்கடியில் ஓடும் நரம்பு, நெடுநேரம் குந்தியிருப்பதால் அழுந்தக்கூடும். முதுகுத்தண்டில் வட்டு பிதுங்கி நரம்பு வேரை அழுத்தினாலும் பாதம் இதே போலத்தான் தொங்கும். பாதத்தை உட்பக்கம் திருப்பச் சொல்லி எதிர்த்துப் பிடித்துப் பார்த்தால், அந்த வலுவும் குறைந்திருப்பது முதுகைச் சுட்டும். குறையாமல் இருப்பது முழங்கால் பக்கத்தைச் சுட்டும். கூடவே, தோலில் உணர்ச்சியற்ற தேமல் இருக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும். தொழுநோயும் இதே நரம்பைத் தாக்கும். மூன்றுக்கும் மூன்று வேறு வழிகள். சீட்டிலோ "கால் பலவீனம், ஸ்டிமுலேஷன்" என்று மட்டுமே இருக்கும்.

முதுகு வலியில் இதைவிட அவசரமான ஒன்று உண்டு. சிறுநீர் அடைத்துக்கொள்வது, அல்லது தெரியாமலே கசிவது, உட்காரும் இடம் மரத்துப்போவது ஆகியவை இருந்தால் அவருக்கு வேண்டியது கருவி அல்ல; அன்றைக்கே எம்.ஆர்.ஐ.யும் அறுவை சிகிச்சை நிபுணரும். தாமதித்தால் அந்தக் குறை நிரந்தரமாகிவிடலாம். ஆனால் நாலைந்து கட்டில்கள் வரிசையாகக் கிடக்கும் கூடத்தில், திரைகூட இல்லாமல், பக்கத்துக் கட்டிலில் ஓர் ஆண் படுத்திருக்க, எந்தப் பெண் இந்தக் கேள்விக்கு வாய் திறப்பார்? ஒரு திரைச்சீலை வாங்குவதற்கு மருத்துவமனை நிதியில் இடமிருக்கும் என்றே நம்புகிறோம்.

சூடு கொடுக்கும் சிகிச்சைகளும் பார்ப்பதற்குத்தான் எளியவை. சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்த கையை மெழுகுக் குளியலில் வைத்தால், வெந்து கொப்புளித்த பிறகுதான் அவருக்கே தெரியும். ஒரு சோதனைக் குழாயில் சூடான நீர், இன்னொன்றில் குளிர்ந்த நீர். கண்ணை மூடச் சொல்லி மாற்றி மாற்றித் தொட வைத்தால் உணர்ச்சி குறைந்திருப்பது முன்பே தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை. இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கிறதா, சூடு கொடுக்கும் இடத்தில் உலோகத் தகடு வைத்திருக்கிறார்களா என்று கேட்காமல் டயாதெர்மி கொடுக்கக் கூடாது. வரிசை நீளும் நாளில் முதலில் விடுபடுவது இந்தக் கேள்விகள்தான்.

எலும்பு முறிவுக்காரர்கள் எங்களிடம் வந்து சேர்வதே தாமதமாகத்தான். முழங்கையில் மாவுக்கட்டைப் பிரித்ததும் "வீட்டில் மடக்கி நீட்டுங்கள்" என்று அனுப்பிவிடுகிறார்கள். ஊரில் எண்ணெய் போட்டு உருவி, வலுக்கட்டாயமாக நீட்டிவிடுகிறார்கள். அடிபட்ட முழங்கையை அப்படி இழுத்தால் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மூட்டு இறுகிப்போகும் அபாயம் உண்டு. பிறகு நாங்கள் என்ன செய்தாலும் தட்டில் இருக்கும் சோற்றை வாய்க்குக் கொண்டுபோக அந்தக் கை மடங்காது. பக்கவாத நோயாளியைக் கையைப் பிடித்துத் தூக்கித் தோளை நெகிழச் செய்வதும் இந்த வகைதான்.

எனவே, முதல் முறை வரும் ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் ஒதுக்க ஆணையிட வேண்டும் என்பதே எங்கள் முதன்மைக் கோரிக்கை. வலி எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது, மூட்டு எத்தனை டிகிரி அசைகிறது, தசை வலு 0 முதல் 5 வரையில் எதில் நிற்கிறது, உணர்ச்சி எங்கே குறைகிறது என்பவற்றை எழுத ஒரு பக்கத் தமிழ்ப் படிவம் போதும். அதன் நகல் நோயாளியிடம் இருக்க வேண்டும். சீட்டில் கருவியின் பெயரும் நாள் கணக்கும் வேண்டாம். நோய்க்கணிப்பும் எச்சரிக்கைகளும் இருந்தால் போதும். மேலே சொன்ன அபாயக் குறிகள் தென்பட்டால், மறுபடி ஓ.பி. வரிசையில் நிற்க வைக்காமல் எலும்பு அல்லது நரம்பியல் பிரிவுக்கு அன்றே நேராக அனுப்ப எங்களுக்கு அனுமதி வேண்டும்.

மாதாந்திர அறிக்கையையும் மாற்றித் தர வேண்டுகிறோம். இப்போது கேட்கப்படுவது "எத்தனை சிட்டிங்" என்பது மட்டுமே. முழங்கால் தேய்மானத்துக்கு ஆதாரமான சிகிச்சை தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சி. அதை நன்றாகக் கற்றுக்கொடுத்தால் அந்த நோயாளி பத்து நாள் வர வேண்டியதில்லை. ஆனால் கணக்கில் எங்கள் வேலை குறைந்ததாகக் காட்டும்! எத்தனை பேர் படியேறினார்கள், எத்தனை பேர் வேலைக்குத் திரும்பினார்கள் என்றும் கேளுங்கள்.

அரை மணி நேரம் ஒதுக்க ஆள் வேண்டும். தாலுகா மருத்துவமனைகளில் காலிப் பணியிடங்களை நிரப்பி, பெண் சிகிச்சையாளர் ஒருவரேனும் இருக்கச் செய்ய வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் வீட்டோடு முடங்கியவர்களையும் பிசியோதெரபி எட்டியிருக்கிறது. இதை மனதார வரவேற்கிறோம். இத்திட்டத்தில் வட்டாரத்துக்கு ஒரு சிகிச்சையாளர் என்பதைக் கூட்டினால்தான் ஒரே நோயாளியை வாரம் ஒரு முறையேனும் பார்க்க முடியும். பக்கவாத, எலும்பு முறிவு நோயாளிகளின் பட்டியலை, அவர்கள் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளிலேயே வட்டாரத்துக்கு அனுப்பவும் ஆவன செய்ய வேண்டும்.

2021ஆம் ஆண்டின் தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம் பிசியோதெரபியையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்துவிட்டது. புதிய சட்டமோ விலையுயர்ந்த கருவியோ நாங்கள் கேட்கவில்லை. இக்கோரிக்கைகள் குறித்து நேரில் விளக்க எங்கள் பிரதிநிதிகளுக்கு நேரம் ஒதுக்கித் தருமாறும், மாதிரிப் படிவத்தை ஒரு தாலுகா மருத்துவமனையில் மூன்று மாதம் நடைமுறைப்படுத்திப் பார்க்க அனுமதிக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர் / செயலாளர்

இணைப்பு: மதிப்பீட்டுப் படிவ மாதிரி, 1 பக்கம்.