இதயமும் கிட்னியும் ஜாயின்ட் அக்கவுன்ட்!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கமெல்லாம் முன்பு தெருவுக்கு ஒரு டீக்கடை இருந்தது. இப்போது தெருவுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம்! காலை ஆறரைக்கே வெறும் வயிற்றோடு பெரியவர்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்துவிடுகிறார்கள். சாயங்காலம் ரிப்போர்ட் வந்ததும் வீட்டில் ஆராய்ச்சி ஆரம்பம். எந்த எண் தடித்த எழுத்தில் இருக்கிறதோ, அதுதான் வில்லன். அதிகமாகக் கெட்ட பெயர் வாங்குபவர் மிஸ்டர் கிரியேட்டினின்.

எங்கள் தெருவில் ஆவடி டாங்க் ஃபாக்டரியில் ரிடையரான ஒரு பெரியவர். ஹார்ட் ஃபெயிலியர். (பயப்படாதீர்கள். இதயம் நின்றுபோனது என்று அர்த்தமில்லை. பம்ப்பின் வலு குறைந்துவிட்டது, அவ்வளவுதான்.) டாக்டர் புது மாத்திரை எழுதினார். மூன்றாவது வாரம் கிரியேட்டினின் 1.2-லிருந்து 1.4.

"ஹார்ட்டைக் காப்பாத்தறேன்னு கிட்னியைக் காவு குடுக்கப் பாத்தாங்க தம்பி! நானே மாத்திரையை நிறுத்திட்டேன்."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா சார்?"

"சொன்னா திட்டுவாரே!"

பத்தே நாளில் கால் வீங்கி செருப்பு நுழையவில்லை. ராத்திரி படுத்தால் மூச்சு வாங்குகிறது. ஆம்புலன்ஸில் போனார். ஐந்து நாள் கழித்துத் திரும்பி வந்தார். கையில் அதே மாத்திரை!

விஷயம் இதுதான். இதயம் நிமிஷத்துக்குச் சுமார் ஐந்து லிட்டர் ரத்தம் இறைக்கிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு கிட்னிக்கு. பம்ப் வலுவிழந்தால் கிட்னிக்கு வரத்து குறையும். அது உடனே, 'ஐயையோ, வறட்சி!' என்று முடிவு கட்டி, உப்பையும் தண்ணீரையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கும். நிஜத்தில் தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை; பம்ப்தான் மக்கர். செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பித் தளும்பும்போது, வாய்க்காலில் தண்ணீர் வரவில்லையே என்று மதகை மூடினால் என்ன ஆகும்? அதேதான். வெள்ளம் காலுக்கும் நுரையீரலுக்கும் போகிறது. இதயத்துக்கு இன்னும் சுமை.

ஆக, இதயம் வேறு, கிட்னி வேறு இல்லை. ஜாயின்ட் அக்கவுன்ட்!

இந்த அக்கவுன்ட்டை ஆடிட் செய்கிறவர்களில் ஒருவர், பெயரிலேயே நம் ஊர் வாசனை அடிக்கும் டாக்டர் முத்தையா வடுகநாதன். பாஸ்டன் பிரிகாம் மருத்துவமனையில் இதய நிபுணர். 2022-ல் 'லான்செட்' இதழில் அவரும் சகாக்களும் ஐந்து பெரிய ஆய்வுகளின் கணக்கைச் சேர்த்துக் கூட்டினார்கள். மொத்தம் 21,947 ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிகள். மருந்து, டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகையறா. சர்க்கரை நோய்க்காக வந்த மாத்திரைகள் இவை. கிட்னி வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும். இதய நோயால் சாவதும், ஹார்ட் ஃபெயிலியர் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்வதும் சேர்த்துப் பார்த்தால் 23 சதவீதம் குறைந்திருந்தது.

2024-ல் இன்னொரு ஆடிட். ஃபினெரெனோன் என்ற வேறு மருந்து. இந்தத் தடவை இதய நோயாளிகள், சர்க்கரையோடு கிட்னி கெட்டவர்கள் இருவரையும் ஒரே லெட்ஜரில் எழுதினார்கள்: 18,991 பேர். கிட்னி மோசமாவது 20 சதவீதம், ஹார்ட் ஃபெயிலியரால் ஆஸ்பத்திரி வாசம் 17 சதவீதம் குறைவு. இதய நோய்ச் சாவு குறைந்ததா என்பதை மட்டும் அடித்துச் சொல்ல முடியவில்லை. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். நல்ல ஆடிட்டருக்கு அதுதானே அழகு!

சரி, கிரியேட்டினின் ஏன் ஏறியது? பி.காம். படித்தவனுக்கு இது சுலபம். புதுக் கம்பெனிக்கு முதல் வருஷம் ஆரம்பச் செலவால் நஷ்டம் காட்டும். அதைப் பார்த்து ஷட்டரை இழுத்து மூடுவோமா? இந்த மாத்திரைகள் கிட்னி வடிகட்டிக்குள் இருக்கும் அதிக அழுத்தத்தைக் குறைக்கின்றன. முதல் சில வாரம் வடிகட்டும் வேகம் லேசாக இறங்கும். கிரியேட்டினின் லேசாக ஏறும். அதற்கப்புறம் கிட்னி தேய்வது நிதானப்படும். சுமார் 30 சதவீதம் வரை ஏறினால் பெரும்பாலும் மருந்தை நிறுத்த வேண்டியதில்லை என்பது டாக்டர்கள் கணக்கு. நம் பெரியவருக்கு ஏறியது 17 சதவீதம்! ஆனால் அந்தக் கணக்கைப் போட வேண்டியவர் டாக்டர். நீங்களும் இல்லை, நானும் இல்லை.

விலைக்கும் இப்போது பயப்பட வேண்டாம். டாபாகிளிஃப்ளோசினுக்கு 2020-லும், எம்பாகிளிஃப்ளோசினுக்கு 2025 மார்ச்சிலும் இங்கே முக்கிய காப்புரிமை முடிந்து, பல கம்பெனிகள் போட்டி போட்டதில் விலை நன்றாக இறங்கிவிட்டது.

வீட்டில் ஹார்ட் ஃபெயிலியர்காரர் இருந்தால் நாலு விஷயம்:

தினமும் காலையில் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது நெய் தோசை இல்லை, தண்ணீர். டாக்டருக்குப் போன் போடுங்கள்.

முட்டி வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வலி மாத்திரை விழுங்காதீர்கள். கிட்னிக்கும் ஆகாது, இதயத்துக்கும் ஆகாது.

ஊறுகாய், அப்பளம், கருவாடு... தூரத்து உறவாகவே இருக்கட்டும். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். கேட்காமல் வாங்காதீர்கள்.

வாந்தி, பேதி வந்தால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். சில மாத்திரைகளை அந்த இரண்டு நாள் நிறுத்தச் சொல்வார். அவர் சொல்லி நிறுத்துவது வேறு, நாமாக நிறுத்துவது வேறு.

கடைசியாக ஒன்று. ஹார்ட் டாக்டருக்கு ஒரு ஃபைல், கிட்னி டாக்டருக்கு ஒரு ஃபைல் என்று ஒருத்தருக்குத் தெரியாமல் இன்னொருத்தரைப் பார்க்காதீர்கள். ஜாயின்ட் அக்கவுன்ட்டுக்கு ஒரே பாஸ்புக்தான்!