பரிசோதனையில் ஒன்றுமில்லை என்றால்...

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு மாதம் தயங்கினேன். என் மனைவிதான், "எழுதுங்கள், எத்தனை பேர் வாய் திறக்காமல் கஷ்டப்படுகிறார்களோ" என்றாள். அவள் படித்துப் பார்த்துச் சம்மதித்த பிறகே ஆசிரியர் குழுவுக்கு அனுப்புகிறேன்.

என் மனைவிக்கு வயது 59. சென்ற ஆண்டு பல மாதங்கள் பிறப்புறுப்பில் தாங்க முடியாத அரிப்பால் அவதிப்பட்டாள். பகலில் வேலை மும்முரத்தில் தெரியாது, இரவு படுத்தால் தூக்கம் போய்விடும். முதல் நான்கு மாதம் என்னிடம்கூடச் சொல்லவில்லை. பிறகு மருத்துவமனைக்குப் போனோம். டாக்டருக்குத் தமிழ் தெரியாது, இவளுக்குக் கன்னடமும் இந்தியும் காய்கறி வாங்கும் அளவுதான். ஆகவே நான் மொழிபெயர்ப்பாளன். கணவன் எதிரில், அதுவும் அவன் வாய் வழியாக, எந்தப் பெண் இதை முழுதாகச் சொல்வாள்? "எரிச்சல்" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டாள்.

சிறுநீர், சர்க்கரை, கிருமிப் பரிசோதனை எல்லாம் எடுத்தார்கள். எல்லாமே சரியாக இருந்தது. "ஒன்றுமில்லை, மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு நிம்மதி. அவளுக்கோ அன்றிலிருந்துதான் துன்பம் இரட்டிப்பானது. அரிப்பும் போகவில்லை, அதைச் சொல்லும் உரிமையும் போய்விட்டது.

நான் ரயில்வே சிக்னல் பிரிவில் 36 ஆண்டுகள் வேலை பார்த்தவன். இரவு மழையில் ட்ராக் சர்க்யூட் கோளாறாகும், வண்டி நிற்கும். காலை வெயிலில் போய்ச் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். ஜல்லி ஈரமாக இருக்கும்போது மின்சாரம் கசிகிறது, காய்ந்ததும் கசிவு நின்றுவிடுகிறது. "சோதித்தபோது சரியாக இருந்தது" என்று ரிஜிஸ்டரில் எழுதிவிட்டுத் திரும்பும் புதியவர்களை எங்கள் மேலதிகாரி விடமாட்டார். "வண்டி நின்றது உண்மைதானே? அப்படியானால் கோளாறும் உண்மைதான், போய்த் தேடு" என்பார். இத்தனை ஆண்டு அதைக் கேட்டு வேலை செய்த நான், வீட்டில் அதே வரியை எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மருமகள்தான் பிடிவாதமாக வேறொரு பெண் மருத்துவரிடம் அழைத்துப் போனாள். அவர் துணைக்கு வந்தவர்களை வெளியே இருக்கச் சொல்லி, தனியாகப் பேசி, நல்ல வெளிச்சத்தில் நேரில் பார்த்தார். அதுவரை ஒருவரும் பார்க்கவே இல்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைந்து, அந்த இடத்துத் தோல் மெலிந்து வறண்டு போயிருந்தது. எங்கள் பரிசோதனைகள் தேடியது கிருமியை. இது கிருமியால் வந்ததே இல்லை. 2014-ல் வட அமெரிக்க மாதவிடாய் நிறுத்தச் சங்கமும் ஒரு பன்னாட்டு மருத்துவச் சங்கமும் சேர்ந்து இந்தக் கோளாறுக்குப் புதிய பெயர் வைத்தன. பழைய பெயரைப் பொதுவில் சொல்லக் கூசுகிறார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம். கூச்சம் நமக்கு மட்டும் சொந்தமில்லை போலும்!

அந்த டாக்டர் சொன்னதில் எல்லோருக்கும் பயன்படுவதைத் தருகிறேன். சோப்பு, டெட்டால் போன்றவை, வாசனைப் பொருட்கள் அங்கே கூடாது. வெளிப்புறத்தை வெறும் தண்ணீரில் கழுவினால் போதும், உட்புறம் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். பொம்மசந்திரா பக்கம் நம்மில் பலருக்கு போர்வெல், டேங்கர் தண்ணீர்தான். உப்புத் தண்ணீரில் சோப்புத்தூள் துணியிலேயே தங்கிவிடும். உள்ளாடையை இன்னொரு முறை அலசுங்கள். தளர்வான பருத்தி உடுத்துங்கள். சொறியச் சொறியத் தோல் தடித்து அரிப்பு கூடும். நகத்தை ஒட்ட வெட்டி, குளிர்ந்த ஈரத்துணியை வைத்துக்கொள்ளுங்கள். எந்த நேரம், என்ன சோப்பு, என்ன துணி என்று ஒரு நோட்டில் குறித்து டாக்டரிடம் காட்டுங்கள்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் பூசாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த பல பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு 2018-ல் ஆணையிட்டது. என் மனைவியும் அப்படி ஒரு ட்யூப் வாங்கிப் பூசியிருக்கிறாள். நாலு நாள் சுகம், பிறகு முன்னைவிட மோசம். ஆனால் லைக்கன் ஸ்க்ளீரோசஸ் என்ற வெள்ளைத் திட்டு நோய்க்கு அதே ஸ்டீராய்டுதான் மருந்து, டாக்டர் மேற்பார்வையில். கவனிக்காமல் விட்டால் அது சிலருக்குப் புற்றுநோயாகக்கூட மாறலாம். ஆகவே வெள்ளைத் திட்டு, ஆறாத புண், கட்டி, மாதவிடாய் நின்றபின் உதிரம் என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். மகப்பேறு டாக்டருக்குப் பிடிபடாவிட்டால் தோல் டாக்டரிடமும் காட்டுங்கள்.

என் மனைவிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த ஹார்மோன் க்ரீமில் மூன்று மாதத்தில் பெருமளவு குறைந்தது. முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் இரவு தூங்குகிறாள். இந்த மருந்து எல்லோருக்கும் பொருந்தாது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஊரில் இருந்திருந்தால் அக்காவிடமோ அத்தையிடமோ அவள் சொல்லியிருப்பாள். இங்கே அவளுக்கு வாய்த்தது நான் ஒருவன்தான், நானும் காது கொடுக்கவில்லை. நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழா, பட்டிமன்றம் எல்லாம் நடக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது தமிழ் தெரிந்த பெண் டாக்டரை அழைத்து, பெண்கள் மட்டும் கூடும் கூட்டம் நடத்துங்கள். கன்னடம் தெரிந்த நம் சகோதரிகள் நாலைந்து பேர் ஆஸ்பத்திரிக்குத் துணை போக முன்வந்தால் இன்னும் நல்லது. பொம்மசந்திரா வரைக்கும் மெட்ரோ ரயில் 2025 ஆகஸ்ட்டிலேயே வந்துவிட்டது. போக வழியில்லை என்று இனி சொல்ல முடியாது.

என் போன்ற கணவர்களுக்கு ஒரு சொல். "ரிப்போர்ட் நன்றாக இருக்கிறதே" என்று நீங்கள் சொல்லும்போது, அவள் முகத்தையும் ஒருமுறை பாருங்கள்.