கச்சாலில் நட்ட ரப்பரும் கரிசலில் கிடைக்காத நிலமும்

கரிசல் இலக்கியம் என்றதும் வறட்சியும் பருத்தியும் தீப்பெட்டி ஆபீசும் சம்சாரியின் கடனுமே நம் நினைவுக்கு வருகின்றன. மழை பொய்த்த காலங்களில் கங்காணியின் பின்னால் கடல் தாண்டிப் போனவர்களும் இந்த மண்ணின் கதைக்குள் அடங்குபவர்களே. கோவில்பட்டியை உள்ளடக்கிய பழைய திருநெல்வேலி மாவட்டம், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய மாவட்டங்களுள் ஒன்று. போனவளின் கதையைப் புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யில் எழுதினார். திரும்பி வந்தவர்களை அரசு எங்கே கொண்டுபோய் வைத்தது என்பதை நாம் போதுமான அளவு பேசவில்லை.

1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாக எடுத்துக்கொண்டன. பாகப்பிரிவினையில் ஆடுமாடுகளைக்கூட இவ்வளவு சுலபமாகப் பிரித்துவிட முடியாது.

வந்தவர்களுக்கு இந்திய அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமல்ல. நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம், கேரளத்தின் புனலூர்ப் பகுதியிலும் கர்நாடகத்தின் சுள்ளியாப் பகுதியிலும் ரப்பர்த் தோட்டங்கள், நூற்பாலை வேலை, தொழில் கடன் எனத் திட்டங்கள் இருந்தன. 1969இல் தாயகம் திரும்பியோருக்காக ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. இந்தத் திட்டங்களுள் மிகத் தொலைவான இடத்தைத் தேர்ந்தெடுத்தது கச்சால் தீவுத் திட்டம். அந்தமானின் தலைநகரிலிருந்தே மேலும் தெற்கே கப்பலேறிப் போக வேண்டிய நிக்கோபார்த் தீவு அது. அங்கே காட்டை அழித்து ரப்பர் நட்டார்கள். தோட்டத்தில் உழைத்துப் பழகிய கைகளுக்குத் தோட்ட வேலையே பொருத்தம் என்ற எண்ணம் இதன் பின்னால் இருந்தது. தலைமுறைகளாகத் தோட்டக் கூலியாக இருந்தவன், தாயகம் திரும்பிய பின்னும் தோட்டக் கூலியாகவே இருக்கலாம் என்பதுதான் இதன் பொருள்.

பிரிட்டிஷ் அரசு 1858 முதல் கைதிகளைக் கொண்டு குடியேற்றிய தீவுக்கூட்டம் அந்தமான். விடுதலைக்குப் பின் அகதிகளைக் குடியேற்றுவதற்கு அதே தீவுகள் பயன்பட்டன. 1949 முதல் அங்கே அனுப்பப்பட்ட கிழக்கு வங்க அகதிக் குடும்பங்களுக்கு, நெல் விளையும் சமநிலம் 5 ஏக்கர், மேட்டுநிலம் 5 ஏக்கர் என வழங்கும் திட்டம் இருந்தது. அவர்கள் பட்ட துன்பங்கள் குறைவல்ல. ஆயினும் காலூன்ற ஒரு நிலம் அவர்களுக்கு இருந்தது. கச்சாலுக்குப் போன மலையகத் தமிழருக்குக் கிடைத்தவை கூலியும் குடியிருப்பும் மட்டுமே. லயத்திலிருந்து புறப்பட்டு இன்னொரு லயத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

கச்சால் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட பகுதி. 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, வெளியார் அங்கே நில உரிமை பெறுவதைத் தடுக்கிறது. அந்த விதி சரியானது என்றே நாம் கருதுகிறோம். அந்த மண் நிக்கோபாரிகளுடையது. தவறு, நிலம் தரவே முடியாத ஓர் இடத்தை மறுவாழ்வுக்குத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது. பழங்குடிகள் தங்கள் காட்டை இழந்தார்கள். வந்தவர்களுக்கோ அது சொந்தமாகவில்லை. இரு எளிய மக்களை ஒரே தீவில் எதிரெதிரே நிறுத்திவிட்டு, அதற்கு மறுவாழ்வு என்று பெயரிட்டார்கள்.

2004 டிசம்பர் 26இன் கடற்கோள் கச்சாலைச் சூறையாடியது. 2001 கணக்கெடுப்பில் 5,000க்கு மேல் இருந்த தீவின் மக்கள்தொகை 2011இல் 3,000க்கும் கீழே வந்தது. ரப்பர்த் தோட்டத்தை நடத்திவந்த அரசு வனத் தோட்டக் கழகத்தை மூடிவிட 2017இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. வேலையை மட்டுமே நம்பி ஒரு மக்கள் குடியமர்த்தப்பட்டால், வேலை போகும் நாளில் அவர்கள் மீண்டும் அகதிகளே.

இதைப் பழங்கதை என்று ஒதுக்க முடியாது. எட்டயபுரத்துக்கு அருகே, நம் கரிசல் காட்டிலேயே, தாப்பாத்தியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021இல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என மாற்றி, மாநிலமெங்கும் முகாம்களில் 7,469 வீடுகள் கட்டித் தருவதாக அறிவித்தது. வரவேற்க வேண்டிய செயல் இது. ஆனால் இந்தியக் குடியுரிமை கிடைக்காதவரையில் அந்த வீட்டில் இருப்பவர் விருந்தாளியாகவே இருக்கிறார். 2019இல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டத்தில் இலங்கைக்கு இடமில்லை. அதே ஆண்டு, மலையக வம்சாவளியினரான 65 முகாம்வாசிகள் தொடுத்த வழக்கில், அவர்களது குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. தங்கள் முன்னோரின் நாடு இது என்பதை அவர்கள் நீதிமன்றத்தில் வாதாட வேண்டியிருந்தது.

குடியேற்றத் திட்டம் எதையும் ஒதுக்கிய தொகையையும் கட்டிய வீடுகளின் எண்ணிக்கையையும் கொண்டு மட்டும் அளக்கலாகாது என்பது நம் கருத்து. வந்தவர் அந்த மண்ணில் எந்த உரிமையோடு நிற்கிறார், அவர் வந்ததால் யாருடைய உரிமை பறிபோகிறது என்ற இரு கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும். கச்சால் இரண்டிலும் தோற்றது. தாப்பாத்தியில் யாருடைய காட்டையும் அழிக்க வேண்டியதில்லை. அங்கே இருப்போருக்குக் குடியுரிமையும், குடியிருக்கும் மனைக்குப் பட்டாவும் கொடுத்தால் போதும். கரிசல் எழுத்து போனவர்களை மட்டுமின்றித் திரும்பி வந்தவர்களையும் தன் மனிதர்களாக ஏற்று எழுதத் தொடங்கினால், அந்தக் கோரிக்கைக்கு நம் பங்கும் சேரும்.