ஹோபார்ட் போற படகும் ரெண்டு வாளியும்

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் கொஞ்ச நாளா இந்தப் பக்கம் வர முடியலை. இன்னைக்கு எழுத உட்கார்ந்ததுக்குக் காரணம் ஒரு எக்செல் ஷீட். ஆபீஸ் ஷீட் இல்லைங்க, படகு ஷீட்.

புதுசா வர்றவங்களுக்கு ஒரு முன்கதை. சிட்னி வந்ததுல இருந்து புதன்கிழமை சாயங்காலம் ஆனா ஒரு 36 அடி பாய்மரப் படகுல ஒட்டிக்கிட்டுப் போயிடுவேன். என் வேலை பெரும்பாலும் காற்று அடிக்கிற பக்கமா விளிம்புல உட்கார்ந்து படகு சாயாம வெயிட் கொடுக்கிறது. (படிச்சது எஞ்சினியரிங், பார்க்கிறது மணல்மூட்டை வேலை.) போன வாரம் ஸ்கிப்பர் கூப்பிட்டு, "இந்த வருஷம் ஹோபார்ட் போறோம், நீயும் வர்றியா? ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லு"ன்னார். அன்னைக்கு ராத்திரியே ஷீட் வந்துடுச்சு. 140 வரி.

சிட்னி - ஹோபார்ட் ரேஸ் பத்தி நம்ம ஆளுங்களுக்கு அவ்வளவா தெரிய வாய்ப்பில்லை. டிசம்பர் 26 மதியம் சிட்னி துறைமுகத்துல ஆரம்பிக்கும். கரையை ஒட்டித் தெற்கே இறங்கி, பாஸ் ஜலசந்தியைக் கடந்து, டாஸ்மேனியால இருக்கிற ஹோபார்ட்ல முடியும். 628 கடல் மைல். 1945-ல 9 படகோட ஆரம்பிச்ச ரேஸ் இது. கோடீஸ்வரர்களோட 100 அடி படகெல்லாம் ரெண்டு நாள்ல போய்ச் சேர்ந்துடும். எங்க படகுக்கு நாலு நாள் பக்கம் ஆகும்.

அந்த 140 வரில எனக்கு ரொம்பப் பிடிச்ச வரி வாளிதான். உறுதியான வாளி ரெண்டு, ஒவ்வொண்ணும் குறைஞ்சது 9 லிட்டர் பிடிக்கணும், ரெண்டுலயும் கயிறு கட்டியிருக்கணும். சர்வதேச விதிப் புத்தகத்துலயே இப்படித்தான் இருக்கு. படகுக்குள்ள தண்ணி வந்துட்டா பயந்தவன் கையில இருக்கிற வாளியை விட நல்ல பம்ப் கிடையாதுன்னு இவங்க ஜோக்கடிப்பாங்க. கயிறு எதுக்குன்னா, கை நடுங்கி வாளி கடல்ல போயிடக் கூடாதில்லையா! அதே மாதிரி படகோட அடியில தண்ணி போக வர எத்தனை ஓட்டை இருக்கோ, ஒவ்வொண்ணு பக்கத்துலயும் அந்த அளவுக்குச் சீவின ஒரு மர ஆப்பு. குழாய் உடைஞ்சா அடிச்சு இறுக்க. அப்புறம் புயலுக்குன்னே சின்னப் பாய்கள், சுக்கான் உடைஞ்சா திருப்ப மாற்று ஏற்பாடு, பாய்மரம் முறிஞ்சு விழுந்தா கம்பிகளை வெட்டி விட கட்டர், சேட்டிலைட்டுக்குச் சிக்னல் அனுப்புற கருவி, மிதவைப் படகு... போய்க்கிட்டே இருக்கு.

கிளப்புல பியர் கிளாஸோட உட்கார்ந்திருக்கிற பெருசுங்களைக் கேட்டா "விதி ஓவர்ப்பா, எங்க காலத்துல கம்பளி ஸ்வெட்டரோட போனோம்"னு ஆரம்பிச்சுடுவாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. 2024 ரேஸ்ல ஒருத்தர் நடுராத்திரிக்கு மேல அலை அடிச்சுக் கடல்ல விழுந்துட்டார். படகை விட்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல தள்ளிப் போயிட்டார். உடம்புல மாட்டியிருந்த சிக்னல் கருவியால உயிரோட மீட்டாங்க. ஸ்வெட்டர் மட்டும் இருந்திருந்தா?

ஆனா அதே 2024-ல, அதே ராத்திரி, வேற வேற படகுல ரெண்டு பேர் செத்துப் போனாங்க. ஒருத்தரைப் பாயோட அடிக்கட்டை அடிச்சது. இன்னொருத்தரைப் பெரிய பாயை இழுத்துப் பிடிக்கிற கயிறு தூக்கி எறிஞ்சு, தலை இரும்புல மோதினது. ரெண்டு பேருமே அனுபவசாலிங்க. எந்த லிஸ்ட்ல எந்த வரியை டிக் அடிச்சிருந்தா அவங்க பிழைச்சிருப்பாங்க? யோசிச்சுப் பார்த்தேன், தெரியலை.

சாப்ட்வேர்காரனுக்கு 'இருக்கு'ங்கிறதுக்கும் 'வேலை செய்யுது'ங்கிறதுக்கும் உள்ள வித்தியாசம் நல்லாவே தெரியும் (அதுலதான் நம்ம சம்பளமே!). 2017 நவம்பர்ல உலகம் சுத்துற ரேஸ் ஒண்ணுல, தெற்கு இந்தியப் பெருங்கடல்ல ஒருத்தர் கடல்ல விழுந்தார். பாதுகாப்புக் கயிறு மாட்டியிருந்தார், எல்லாம் முறைப்படிதான். ஆனா கயிறோட நுனியில இருந்த கொக்கி படகுல ஒரு முளைக்கு அடியில சிக்கி, பக்கவாட்டுல இழுபட்டு, வளைஞ்சு விட்டுடுச்சு. பிரிட்டனோட கடல் விபத்து விசாரணைக் குழு ஆராய்ஞ்சப்ப தெரிஞ்சது, அந்தக் கொக்கிக்கான தரச் சோதனை நேரா இழுத்து மட்டும்தான் பார்க்குமாம். டெஸ்ட் கேஸ் பாஸ், ஆள் இல்லை.

எனக்கும் ஒரு சின்ன அனுபவம் உண்டு. போன மாசம் கடல் பாதுகாப்புப் பயிற்சிக்குப் போயிருந்தேன். ஒரு நீச்சல் குளம், அலையே கிடையாது, விளக்கெல்லாம் எரியுது. லைஃப் ஜாக்கெட்டோட தொடை வாரை மாட்ட சோம்பேறித்தனப்பட்டுக் குதிச்சேன். ஜாக்கெட் மேல வந்துடுச்சு, நான் அதுக்குள்ள இருந்து கீழே நழுவிட்டேன். காது வரைக்கும் ஜாக்கெட், மூக்குல தண்ணி. மிதவைப் படகுல ஏற மூணு தடவை முயற்சி பண்ண வேண்டியிருந்தது. அதையே ராத்திரில, குளிர்ல, பத்து மீட்டர் அலைல பண்ணணும்னு நினைச்சப்ப அடிவயிறு கலங்கிடுச்சு.

சரி, மேட்டருக்கு வருவோம். லிஸ்ட் பெருசா சின்னதாங்கிறதை விட எனக்குப் பெரிய பிரச்சினை, அதுல ஒரு வரி இல்லைங்கிறதுதான். எப்ப திரும்பணும்?

1998 ரேஸ் பத்தி இங்க யாரும் அதிகமா சத்தமா பேச மாட்டாங்க. 115 படகு கிளம்பினது. 44 தான் போய்ச் சேர்ந்தது. அஞ்சு படகு மூழ்கினது, ஆறு பேர் இறந்தாங்க, 55 பேரை ஹெலிகாப்டரும் கப்பலுமா போய்த் தூக்கிட்டு வந்தாங்க. மூழ்கினதுல ஒண்ணு 'வின்ஸ்டன் சர்ச்சில்'. 1945-ல நடந்த முதல் ரேஸ்லயே ஓடின படகு. அதுல இருந்து மிதவைல ஏறினவங்கள்ல மூணு பேரை அலை கொண்டு போயிடுச்சு.

முன்னறிவிப்பு இல்லாம இல்லை. ரேஸ் ஆரம்பிச்சு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஆனப்பவே வானிலை மையம் புயல் எச்சரிக்கை கொடுத்துடுச்சு. சிக்கல் என்னன்னா, அறிவிப்புல சொல்ற காற்று வேகம் சராசரி. திடீர்னு வீசுறது அதை விட 40 சதவீதம் வரைக்கும் அதிகமா இருக்கும். 50 நாட்னு சொன்னா 70-க்குத் தயாரா இருக்கணும். காற்றோட அழுத்தம் வேகத்தோட வர்க்கமா ஏறும், அதாவது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு அடி. அலையும் அப்படித்தான், சொன்ன உயரத்தை விட ரெண்டு மடங்கு வரைக்கும் ஒண்ணு வரலாம். நிறைய பேர் அந்த நம்பரை உச்ச அளவுன்னு நினைச்சுட்டாங்க. இதுக்கு மேல பாஸ் ஜலசந்தி ஆழம் கம்மி. வடக்குல இருந்து ஓடி வர்ற நீரோட்டத்துக்கு எதிரா காற்று அடிச்சா அலை சுவர் மாதிரி எழும்பும்.

அதுக்கப்புறம் வந்த விதிகள்ல எனக்கு உசத்தியா படுறது வாளியோ மிதவையோ இல்லை. க்ரீன் கேப்புன்னு ஒரு முனை. ஈடன் துறைமுகத்துக்குத் தெற்கே இருக்கு. அதைத் தாண்டினா ஜலசந்திதான், திரும்பி ஒதுங்க சுலபமான இடம் கிடையாது. அங்க போனதும் ஒவ்வொரு படகும் ரேடியோல கூப்பிட்டு வாயால சொல்லணும். மிதவை இருக்கு, எஞ்சினும் பேட்டரியும் ஓடுது, படகும் ஆட்களும் நல்லா இருக்காங்க, கடைசியா வந்த வானிலையைப் பார்த்துட்டேன், அதுக்குத் தயாரா இருக்கோம்னு. சொன்னாத்தான் மேல போகலாம்.

அந்த நேரத்துல அந்த ஸ்கிப்பரோட நிலைமையை நினைச்சுப் பாருங்க. ரெண்டு லட்சம் டாலர் செலவு பண்ணியிருப்பார். ஆறு மாசமா ஆளுங்களை வாட்டி எடுத்திருப்பார். பின்னாடி போட்டிப் படகு கண்ணுக்குத் தெரியுது. ஒருத்தன் வாந்தி எடுத்து எடுத்துச் சுருண்டு கிடக்கான். 'முடியாது'ன்னு வாய்ல வருமா? ரேஸ் விதிப் புத்தகமும் தெளிவா கையைக் கழுவிடுது. கலந்துக்கிறதா, தொடர்றதாங்கிற முடிவு அந்தந்தப் படகோடதுதான்.

எனக்கு இது புதுசு இல்லை. முன்னாடி வேலை பார்த்த ஒரு இடத்துல வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு ரிலீஸ். டேட்டா மாத்துற ஸ்கிரிப்ட்ல ஓட்டை இருக்குன்னு கால்ல இருந்த எல்லாருக்கும் தெரியும், எனக்கும்தான். மேனேஜர் "எனி கன்சர்ன்ஸ்?"னு கேட்டார். நாலு செகண்ட் அமைதி. நான் மியூட்ல இருந்தேன். அந்த சனி ஞாயிறு எப்படிப் போச்சுன்னு சொல்ல வேண்டியதில்லை. நல்லவேளை, யாரும் சாகலை.

அதனால என் கட்சி இதுதான். திரும்புற முடிவைக் க்ரீன் கேப்புல எடுக்கக் கூடாது. கரைல, வயித்துல சோறு இருக்கும்போது, எல்லாரும் தூங்கி எழுந்து தெளிவா இருக்கும்போது எடுக்கணும். முன்னறிவிப்பு எவ்வளவு வந்தா, எத்தனை பேர் வேலை செய்ய முடியாமப் போனா, எது உடைஞ்சா திரும்புறோம்னு நம்பரா எழுதி வெச்சுடணும். படகுலயே ஜூனியர் ஆளுக்கும் அந்தப் பேப்பரைக் காட்ட உரிமை இருக்கணும். கடல்ல போய் அந்த நம்பரை இறக்கலாம், ஏத்தக் கூடாது.

இதுக்குப் பதில் வாதம் ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடறேன். அந்த 1998 ரேஸை ஜெயிச்சது 'மிட்நைட் ராம்ப்ளர்'னு ஒரு 35 அடி படகு. எங்க படகை விட ஒரு அடி சின்னது! அவங்க திரும்பலை. அந்த அலைல திரும்பிப் பக்கவாட்டைக் காட்டுறது இன்னும் ஆபத்துன்னு கணக்குப் போட்டு நேரா போனாங்க. நம்பர் எழுதி ஒட்டிட்டா இந்த மாதிரி முடிவு எடுக்க விடாதேன்னு ஸ்கிப்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனா அவங்க பல வருஷமா சேர்ந்து ஓடின கூட்டம். எங்க எட்டு பேர்ல மூணு பேர் இன்னும் ராத்திரில பாய் மாத்திப் பழகலை, அதுல நானும் ஒருத்தன். அவங்களோட முடிவைக் காட்டி நாங்க தைரியம் சொல்லிக்க முடியாது.

இதையெல்லாம் செவ்வாய்க்கிழமை அவர்கிட்ட சொன்னேன். சொல்லும்போது குரல் நடுங்கினது உண்மை. ரேஸுக்குக் கூப்பிட்ட மனுஷன்கிட்ட முதல் கேள்வியே 'எப்ப திரும்புவோம்'னா என்ன நினைப்பார்? ஒண்ணும் சொல்லலை. காபியைக் குடிச்சுட்டுப் போயிட்டார்.

நேத்து ஷீட்டோட புது வெர்ஷன் வந்தது. 141-ஆவது வரி: 'திரும்பும் எல்லை'. பக்கத்துக் கட்டம் காலி. கமென்ட்ல, நம்பரை நீ போடு, சனிக்கிழமை எல்லாரும் சேர்ந்து சண்டை போடுவோம்னு எழுதியிருக்கார். 45-னு போட்டு வெச்சிருக்கேன். சுக்கான் பிடிக்கிற அம்மா, இருபது வருஷ அனுபவம், அதுக்குள்ள கீழே '55, பயந்தாங்கொள்ளி'ன்னு எழுதிட்டாங்க :-)

வர்றேன்னு சொல்லிட்டேன். மர ஆப்பு வாங்குற வேலை என் தலைல. ஊர்ல அம்மாகிட்ட இன்னும் சொல்லலை.