மேலூர் ஆள், வழக்கம்போல

நான் கோடு போட்டுக் கொடுத்த பதிவேட்டில் கடைசியாக இருக்கும் வரி இதுதான்: "மேலூர் ஆள், வழக்கம்போல." தேதி இல்லை. போன் நம்பர் இல்லை. எத்தனை அண்டா, எத்தனை வாளி, எவ்வளவு அட்வான்ஸ், எதுவும் இல்லை. எழுதியவர் என் வீட்டுக்காரர். எழுதுங்கள் எழுதுங்கள் என்று மூன்று வருஷமாகக் கெஞ்சியவள் நான்.

எங்களுக்கு அழகர்கோவில் பக்கம் பாத்திர வாடகைக் கடை. பதினெட்டாம்படிக் கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டு கிடாயோடு வருகிறவர்கள், பிள்ளைக்கு மொட்டை போட்டுக் காது குத்துகிறவர்கள், பழமுதிர்சோலைக்குப் போய்விட்டு இறங்கி வந்து பந்தி போடுகிறவர்கள் என்று வருஷம் முழுக்க ஆள் வருகிறது. ஊரிலிருந்து அண்டாவைத் தூக்கிக்கொண்டு யார் வருவார்கள்? மதுரையிலிருந்து 21 கிலோமீட்டர்தான் என்றாலும், நூறு பேருக்குச் சமைக்கும் சாமான் ஒரு வேனை அடைத்துக்கொள்ளும். அதனால் எங்கள் பிழைப்பு ஓடுகிறது.

மாமனார் காலத்தில் ஆறு அண்டா, ஒரு தள்ளுவண்டி. அவருக்கு நோட்டு தேவைப்படவில்லை, சரி. இப்போது மூன்று கொட்டகை, ஒரு குட்டியானை வண்டி, நான்கு ஆட்கள். ஆடி மாத ஞாயிறு என்றால் ஒரே நாளில் பத்துப் பதினொரு பார்ட்டி. எல்லாம் வளர்ந்துவிட்டது. கணக்கு மட்டும் மாமனார் வைத்திருந்த அதே இடத்தில், தலைக்குள் இருக்கிறது. தலை மட்டும்தான் மாறியிருக்கிறது.

போன ஆடியில் 25 கிலோ பிரியாணி அண்டா ஒன்றை இரண்டு பார்ட்டிக்குச் சொல்லிவிட்டார். ஒன்றை பைக்கில் போகும்போது போனில் ஒத்துக்கொண்டது. இன்னொன்றை டீக்கடையில் நின்று. இரண்டும் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இரண்டும் ஒரே ஞாயிறு என்பதுதான் ஞாபகத்தில் இல்லையாம். காலை ஆறு மணிக்கு ஒரு குடும்பம் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, கறியை நறுக்கிவைத்துவிட்டு, அண்டாவுக்காக ரோட்டைப் பார்த்து நின்றது. அந்த வீட்டுக் கிழவி என்னைப் பார்த்துச் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "சாமி காரியத்துல வெளயாடுறியே தாயி." ஏச்சு கடைக்குத்தான். விழுந்தது என் தலையில்.

சரி, திருத்துவோம் என்று கிளம்பினேன். நான் பி.காம். படித்தவள். நீளமான நோட்டு ஒன்று வாங்கி ஏழு கட்டம் போட்டேன்: தேதி, பேர், போன், போனது, வந்தது, சேதாரம், அட்வான்ஸ். ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் அதன்மேல் கறி வெட்டும் கட்டையை வைத்திருந்தார்கள். அடுத்து வாட்ஸாப்பில் "கடை" என்று ஒரு குரூப். ஆர்டர் வந்தால் அதில் போடவேண்டும், அவ்வளவுதான். ஒரு மாதத்தில் அதில் காலை வணக்கமும் ரோஜாப்பூவும் நிறைந்து, நடுவில் எங்கோ ஒரு வளைகாப்பு ஆர்டர் புதைந்துபோனது. வளைகாப்பை மட்டும் தள்ளிப்போட முடியுமா?

பிறகு மதுரையிலிருந்து ஒரு பையன் லேப்டாப்போடு வந்தான். சாப்ட்வேர். வருஷச் சந்தா. "முதல்ல உங்க ஐட்டம் எல்லாத்தையும் ஏத்திடலாம் சார்" என்றான். என் வீட்டுக்காரர் கரண்டியிலேயே பதினான்கு வகை சொன்னார். சாம்பார்க் கரண்டி, கண் கரண்டி, கொழம்புக் கரண்டி, பாயசக் கரண்டி… பையனுக்கு விரல் வலித்தது. ஆனால் உண்மையான சிக்கல் அது இல்லை. அந்த சாப்ட்வேர் விற்கிற கடைக்காகச் செய்தது. விற்றால் பொருள் போனது போனதுதான். எங்கள் தொழிலில் தலைவலியே சாமான் திரும்பி வரும்போதுதான் ஆரம்பிக்கும். நாற்பது கரண்டி போய் முப்பத்தேழு வந்தால் எங்கே தட்டுவது? அண்டா முழுசாக வந்து அடி மட்டும் கரிந்திருந்தால் அது வந்ததா, வரவில்லையா? பையனிடம் பதில் இல்லை. சந்தா மட்டும் முன்கூட்டியே வாங்கிவிட்டான்.

அந்த மூன்று கரண்டிக்கு என் வீட்டுக்காரர் வைத்திருக்கும் முறை வேறு. "கருப்பர் படியில வந்து சத்தியம் பண்ணு" என்பார். கருப்பர் வாசலில் சத்தியம் செய்து வழக்குத் தீர்த்துக்கொள்வது இந்தச் சீமையில் பழைய வழக்கம்தான். நிலத் தகராறும் கடன் தகராறும் அங்கே முடிந்திருக்கின்றன. அந்தச் சாமியைப் போய்க் கண் கரண்டிக்குக் கூப்பிடுவதா?

அதே கருப்பர் சன்னதியில்தான் எனக்கு வயிற்றெரிச்சலே. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் மதுரைக்குக் கிளம்பும்போது கருப்பரிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு போகிறார். அணிந்திருக்கும் நகைகளின் பட்டியலை அங்கே வாசித்துக் காட்டுவார்கள், திரும்பி வந்ததும் மறுபடி சரிபார்ப்பார்கள் என்று நாங்கள் சொல்லக் கேட்டே வளர்ந்தோம். போனது, வந்தது. என்னுடைய நாலாவது கட்டமும் ஐந்தாவது கட்டமும்! வழியில் நானூறுக்கு மேல் மண்டகப்படி. எந்த மண்டபத்துக்கு எந்நேரம் என்று முன்கூட்டியே அச்சடித்து வருகிறது. உண்டியல்கள் வண்டியில் கூடவே போகின்றன. சாட்சாத் பெருமாளே பட்டியல் கொடுத்துவிட்டு வாசல் தாண்டுகிறார். எங்கள் வீட்டுப் பெருமாளுக்கு மட்டும் "எல்லாம் மண்டைல இருக்கு."

இந்தப் பக்கத்துக்குக் கணக்கு ஒன்றும் புதுசும் இல்லை. கிழக்கே செட்டிநாட்டுக்காரர்கள் பர்மாவிலும் பினாங்கிலும் கடை வைத்து, முதலாளி ஊரில் இருக்க, ஏஜென்டை மூன்று வருஷத் தவணைக்கு அனுப்பி நடத்தினார்கள். பெட்டியடிப் பையன், அடுத்தாள் என்று ஆளுக்கு ஆள் வேலை பிரித்திருந்தார்கள். பேரேடு எழுதி, ஐந்தொகை போட்டுப் பார்த்தார்கள். முதலாளிக்கும் கடைக்கும் நடுவில் ஒரு கடலே கிடந்தது. எங்களுக்கு நடுவில் ஒரு கொட்டகைச் சுவர்.

ஆடிட்டரிடம் போனபோது மானமே போனது. சரக்கு மட்டும் விற்பவர்களுக்கு ஜிஎஸ்டி வரம்பு 40 லட்சம், வாடகை மாதிரிச் சேவை செய்தால் 20 லட்சம் என்று பொறுமையாக விளக்கினார். நாங்கள் பாக்குமட்டைத் தட்டும் விற்கிறோம், பாத்திரமும் வாடகைக்கு விடுகிறோம். "அப்ப உங்களுக்கு 20தான். வருஷத்துக்கு எவ்வளவு வருது?" என்றார். "இருபதத் தாண்டாதுங்க" என்றார் இவர். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, "தெரியும்ங்க." ஆடிட்டர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

ஒரே ஒரு ஏற்பாடு மட்டும் கடையில் நிற்கிறது. அதை நான் செய்யவில்லை என்பதுதான் கொஞ்சம் கசப்பு. எங்களிடம் வேலை பார்க்கும் பையன் ஒருவன், எழுத்து அவ்வளவாக வராது, பத்துப் பத்துக் கரண்டியாகக் காம்பு ஓட்டையில் கம்பி கோத்து வளையம் போட்டுவிட்டான். போகும்போது நாலு வளையம். வரும்போது நாலு வளையம். கம்பி தொளதொளவென்று ஆடினால் கரண்டி குறைகிறது. நோட்டும் வேண்டாம், போனும் வேண்டாம். மாமனாரும் அப்படித்தான், மதுரைப் புதுமண்டபத்தில் பாத்திரக் கடைகள் இருந்த காலத்தில், வாங்கிய கையோடு ஒவ்வொரு பாத்திரத்திலும் பேர் வெட்டிக்கொண்டுதான் பஸ் ஏறுவாராம். கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. அந்த எழுத்துகள் இன்னும் அண்டா விளிம்பில் இருக்கின்றன, ஒன்றுகூட அழியவில்லை.

அதைப் பார்த்துத்தான் நானும் நோட்டை விட்டேன். இப்போது சுவரில் பெரிய கரும்பலகை. மேலே நாள். கீழே ஆணிகள். பெரிய அண்டா ஒவ்வொன்றுக்கும் தகரத்தில் ஒரு வில்லை. ஒரு பார்ட்டிக்குச் சொன்னால் வில்லையை அந்த நாளின் ஆணியில் மாட்டவேண்டும். ஒரு வில்லையை ஒரே நாளில் இரண்டு பேருக்கு மாட்ட முடியாதே!

இதற்கும் அவருக்குக் கோபம் வந்தது. "ஏம்மா, எம்மேல நம்பிக்கை இல்லையா?" என்றார். இருபத்திரண்டு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறேன், நம்பாமலா? நான் நம்பாதது அவருடைய ஞாயிற்றுக்கிழமையை. அது அவருக்குப் புரியவில்லை. அவர் ஞாபகத்தைக் குறை சொன்னால் அவங்க அப்பாவைக் குறை சொன்ன மாதிரி முகம் சுருங்கிவிடுகிறது. வளையம் போட்ட பையனிடம் மட்டும் கோபிப்பதில்லை. அவன் எதையும் கேட்பதில்லை, கம்பியை ஆட்டிப் பார்க்கிறான், அவ்வளவுதான். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை போல.

நேற்று சாயங்காலம் அவரும் பையனும் அண்டாவைக் கொட்டகைக்குள் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஆளுக்கொரு காது, இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார்கள். இவர் போனைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசுகிறார். "ஆமாண்ணே, அடுத்த ஞாயிறுதானே, பெரிய அண்டா, சரிண்ணே." பலகையில் வில்லைகள் மாட்டாமல் கிடக்கின்றன. நான் வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டு, அண்டாவைக் கீழே வைக்காமலே, போனில் குரலை உயர்த்துகிறார்.

"எழுதிக்கிட்டேண்ணே, எழுதிக்கிட்டேன்."